சேரன்மகாதேவி வரைக்கும்

பாக்கெட்டைக் கிழிப்பது நான்.
வண்ணார்பேட்டையில், நாலாம் மாடியில்,
டாக்டர் இசக்கியப்பன் மூலையில் உட்கார்ந்து
பெட்டிக்குள் முகம் புதைத்திருப்பார்.
ஆளுக்குப் பக்கத்தில் இருப்பது
எந்திரத்தின் நாலு கைகளும்
என் இரண்டும்.

‘முள்ளா மொட்டையா, ஜெபக்கனி?’
உறையைப் பிரித்துச் சீட்டை வாசிக்கிறேன்.
அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்களே, அதுபோலத்தான்.
ஆராய்ச்சி என்றால் அப்படித்தானாம்:
யாருக்கு எந்த நூல் என்று
எவரும் மனசறிந்து முடிவெடுத்துவிடக் கூடாது.

மொட்டை என்றால் ஊதா ஒன்று, வெள்ளை ஒன்று,
வாலோடு வால் சேர்த்து முடிந்து கொடுப்பேன்.
பாக்கெட்டுக்குள் சுருண்டு கிடந்ததை நூல் மறக்காது.
இழுத்து நீவி மறக்கடிக்க வேண்டும்.
முள் என்றால் முடிச்சே கிடையாது.
உடம்பெல்லாம் பொடிப்பொடியாய்ப் பல்,
போன வழி திரும்பாது.
எதுவானாலும் தையல் ஒன்றுதான்:
பையின் வாயும் அறுத்த குழாயும்
ஆறு மணியில் தொடங்கி
இரண்டு பக்கமும் ஏறிப்
பன்னிரண்டில் சந்திக்கும்.
முள்ளுக்குப் பதினாலு நிமிஷம்.
மொட்டைக்கு இருபது.
எழுதிவைப்பதும் நான்.

மூன்றாம் மாதம் போன் செய்வதும் நானே.
நூல் தெரிந்தவள் கேட்கக் கூடாது என்பது விதி.
வேறு ஆள் இல்லை என்பது ஆஸ்பத்திரி.

‘ஒரு நாளைக்கு எத்தனை பேடு மாத்துதிய?’

பெருமாள்புரத்துத் தாசில்தார் போனுக்கே வர மாட்டார்.
‘அவிய நல்லா இருக்காவ’ என்பார் வீட்டம்மா,
வைத்துவிடுவார்.
சமாதானபுரத்து மருந்துக்கடையில்
மாஸ்க் போட்டு நின்றவரை நான் பார்த்தேன்.
பார்க்காததுபோல் நடந்தேன்.
கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
அதற்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

உவரி கஸ்பார் மச்சாது ஒருவர்தான்
எந்த நூலென்று கேட்டவர்.
சொல்லக் கூடாது; சொன்னேன்.
‘தூண்டில் முள்ளு சங்கதிதான?
உள்ள போனா வெளிய வராது.
பெறகு ஏன்மா எனக்கு ஒழுவுது?’
மூன்று பேடு.
பிறகு அவரே சிரித்தார்:
‘வள்ளத்துல எல்லாம் ஈரந்தான், எவனுக்குத் தெரியும்.
கரை ஏறினாத்தான் சீண்ட்ரம்.’

பாபநாசம் லைன் டிரைவர் பலவேசம். மொட்டை நூல்.
‘எம்மா, பேடு கணக்கு எனக்கு வராது.
டூட்டி ஏறின புதுசுல
பஸ் ஸ்டாண்டுல எடுத்தா மேலப்பாளையம் தாண்டல.
பெறவு பத்தமடை.
இப்ப சேரன்மாதேவி வரைக்கும் தாங்குது.
தண்ணியப் பாத்தா மட்டும் முடியல.
குழாயத் தொறக்க சத்தம் கேட்டாலே வந்துருது.’
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
பூஜ்யம், ஒன்று, இரண்டு, அதற்கு மேல்.
சேரன்மகாதேவி என்றால் எத்தனை?
ஒன்று என்று போட்டேன்.

முடிவு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர்.
நனைவதில் இரண்டு நூலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.
முள்ளில் ஆறு நிமிஷம் மிச்சம்.
விலை மூன்று மடங்கு.
டாக்டர் அதை வாசித்துவிட்டுக்
கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம்.
‘ஆறு நிமிஷமும் ஆறு நிமிஷந்தானே’ என்றார்.
அந்த ஆறு நிமிஷத்தை
யாருடைய கணக்கில் வரவு வைப்பது என்று
நான் கேட்கவில்லை.

நோட்டை மூடி மேலே அனுப்பிய பிறகு
ஒரு ஞாயிற்றுக்கிழமை போன்.
பின்னால் எஞ்சின் உறுமுகிறது,
யாரோ சில்லறைக்குச் சண்டை.
‘கல்லிடக்குறிச்சிம்மா.
வண்டி நிக்கு, நான் எறங்கல.’
வைத்துவிட்டார்.

கல்லிடைக்குறிச்சிக்கு எந்தக் கட்டமும் இல்லை.
அங்கிருந்து அம்பைக்கு இரண்டே மைல்.
நடுவில் ஆற்றுப்பாலம்.
நேற்றுத்தான் அணையைத் திறந்திருக்கிறார்கள்.